சாரல் ஊரில் வீட்டுக்குள் செடி வளர்க்க: செங்கோட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள் செடி வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, இங்கே செடிகள் வெயிலில் சாவதைவிடச் சாரலில் சாவதுதான் அதிகம்.

பங்குனி, சித்திரையில் ஊர் கொதிக்கும். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றிப் பழகுகிறோம். ஆனி பிறந்ததும் சாரல் காலம், மலையிலுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். வெயில் முகமே தெரியாது, தூறல் விட்டு விட்டு விழும், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. துணி காயாத வீட்டில் தொட்டி மண் மட்டும் எப்படிக் காயும்? கை பழக்கத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்போம்.

நான் செடி வாங்கிய முதல் வருடம் ஏழு தொட்டிகள் இருந்தன. ஆடி முடிவதற்குள் ஐந்து போய்விட்டன. பீஸ் லில்லி இலை துவண்டு கிடந்தபோது தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றினேன். மறுநாளும் எழும்பவில்லை. தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு வெளியே எடுத்தேன். சாக்கடை வாடை அடித்தது. வேர் ஒன்றை விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுவழுவென்று உரிந்து வந்துவிட்டது. உள்ளே இருந்த நூல் மட்டும் மிஞ்சியது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே நின்றும் செடி தாகத்தில் வாடியதுபோல் துவண்டு கிடந்தது. அன்றிலிருந்து இலை வாடினால் நான் செம்பை எடுப்பதில்லை, மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன்.

செடிக்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள்

நர்சரிக்குப் போய் அழகான செடியை வாங்கிவிட்டு வீட்டில் இடம் தேடுவதுதான் பலரும் செய்வது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு ஒத்துப்போகிற செடியைத் தேடிப் போங்கள்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். காலை பதினொரு மணிக்கு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விரல் கலங்கியிருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் பிழைத்துக் கிடக்குமே தவிர வளராது. நமக்கு அறை முழுக்க ஒரே வெளிச்சம்போல் தோன்றும், ஆனால் ஜன்னலை விட்டு நான்கைந்து அடி தள்ளினாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் தெற்கு ஜன்னலில் வருடம் முழுக்க வெயில், வடக்கு ஜன்னலில் எப்போதும் நிழல் என்று சொல்வார்கள். அது நமக்குப் பொருந்தாது. செங்கோட்டை இருப்பது ஏறத்தாழ 9 டிகிரி வடக்கு அட்சரேகையில். சித்திரை ஒன்றாம் தேதி வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து போகும். சித்திரை, வைகாசியில் வடக்கு ஜன்னல் திண்டிலும் வெயில் எட்டிப் பார்ப்பது இதனால்தான். புரட்டாசி தொடங்கி மாசி வரை தெற்கு ஜன்னலின் முறை. மார்கழியில் தெற்கு ஜன்னலில் வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வரும். அங்கே வைத்த அக்லோனிமா இலையில் வெளிறிய திட்டுகள் விழுந்தால் நோய் என்று பயப்படாதீர்கள், அது வெயில் சுட்ட தழும்பு. இரண்டடி உள்ளே தள்ளி வைத்தால் போதும்.

மேற்கு ஜன்னலுக்கு இன்னொரு சிக்கல். சாரல் காலத்தில் காற்று அடித்துத் தள்ளுவதால் கதவைச் சாத்தி வைத்துவிடுவோம். மரக்கதவு என்றால் வெளிச்சமும் அதோடு போயிற்று. அந்த மூன்று மாதத்துக்கு மேற்குப் பக்கத்துச் செடிகளைக் கிழக்கு ஜன்னலுக்கோ முற்றத்துத் தாழ்வாரத்துக்கோ மாற்றுங்கள். திண்டின் விளிம்பில் உயரமான தொட்டியை வைக்கவே வைக்காதீர்கள், ஒரு காற்றுக்குத் தரைக்கு வந்துவிடும்.

முதல் மூன்று செடிகள்

புதியவர்கள் மூன்றோடு தொடங்குவது நல்லது. மணி பிளான்ட், பாம்புச் செடி என்கிற ஸ்நேக் பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட்.

மணி பிளான்ட் பசிபிக் கடலின் நடுவே உள்ள மூரேயா என்ற தீவைச் சேர்ந்தது. நம் புழுக்கம் அதற்குப் பழக்கமானதுதான். இருட்டு மூலையில் வைத்தாலும் சாகாது, ஆனால் இலையின் மஞ்சள் வரிகள் மங்கி வெறும் பச்சையாகிவிடும், கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு இலை சிறுத்துப் போகும். அது வெளிச்சம் போதவில்லை என்பதன் அடையாளம்.

பாம்புச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் வேலியோரங்களில் வளரும் மருள் இதற்கு நெருங்கிய உறவு. இலையைப் பார்த்தாலே தெரியும். இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பத்து நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் கவலையில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம்தான் அது தாக்குப்பிடிக்காது.

ஸ்பைடர் பிளான்ட் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நீளத் தண்டு விட்டு நுனியில் குட்டிகளைத் தொங்கவிடும். கைக்குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த மூன்றும் ஒரு சாரலைத் தாண்டிவிட்டால் ஸீ ஸீ பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, அதன்பின் பீஸ் லில்லி என்று போகலாம். அரேகா பனை வாங்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் நல்ல வெளிச்சமும் பெரிய தொட்டியும் இல்லாத வீட்டில் ஆறு மாதத்தில் ஓலை ஓலையாகக் காயும். முதல் வருடம் வேண்டாம்.

செடி வாங்கினால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்ட சோதனை. நாம் குடியிருப்பது கதவும் ஜன்னலும் திறந்துகிடக்கிற வீட்டில். 2019இல் வந்த ஒரு மறுஆய்வு பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஜன்னலைத் திறந்து வைப்பதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடியிலிருந்து 1000 செடி வரை தேவைப்படும் என்றது. காற்றுக்காக வாங்காதீர்கள். புதுக்குருத்து சுருள் விரிவதைக் காலையில் பார்க்கிற சந்தோஷம் ஒன்றே போதும், அதற்காக வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில்

1956 வரை இந்த ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது. இன்றும் பலருக்குப் புனலூரிலும் கொல்லத்திலும் சொந்தக்காரர்கள் உண்டு. போய்விட்டு வரும்போது அங்குள்ள நர்சரியிலிருந்து கையில் ஒரு செடியோடு வருவது வழக்கம். தாராளமாக வாங்கலாம். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஈரக்காற்றில், பச்சை வலைக்கடியில் வளர்ந்த செடி அது. பங்குனியில் கொண்டுவந்து நம் வறண்ட அனலில் வைத்தால் இலை நுனி கருகும். ஆவணிக்குப் பிறகு, மாசிக்கு முன்பாக வாங்குவது நல்லது.

செடியைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியாக வேர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நல்லது. கொத்தாகச் சுற்றிக்கொண்டு வெளியே தொங்கினால் நெடுநாளாக அதே பையில் கிடக்கிறது என்று பொருள். இலையின் அடிப்பக்கத்தையும் காம்பின் இடுக்கையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடியை மட்டுமல்ல, அதன் பக்கத்தில் இருப்பதையும் வாங்க வேண்டாம். பூ நிறைந்திருப்பதைவிடப் புதுக்குருத்து இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். உடனே தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு மூன்று இலை பழுத்து விழும். இடம் மாறிய அலுப்பு அது, விட்டுவிடுங்கள்.

குற்றாலம் மலையில் பாறை இடுக்கில் பெரணியும் ஆர்க்கிடும் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அருவித் தெறிப்பிலேயே வளர்ந்த செடி நம் வரவேற்பறையில் ஒரு கோடையைத் தாண்டாது என்பது வேறு.

தொட்டியும் மண்ணும்

அடியில் துளை இல்லாத தொட்டியில் செடியை நடாதீர்கள். பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறது என்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்தபின் திரும்ப வைக்கலாம்.

மண் தொட்டி சுற்றிலும் ஈரத்தை வெளியேற்றும். கை தாராளமாக ஊற்றுகிறவர்களுக்கு அதுவே காவல். மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக். அடியில் ஜல்லியும் ஓட்டுச் சில்லும் கனமாகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறோம். உண்மையில் தண்ணீர் மண்ணைவிட்டு ஜல்லிக்குள் லேசில் இறங்காது. ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் தேங்கி நிற்கும். ஜல்லி போட்ட அளவுக்கு அந்த ஈரம் வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஒரே ஒரு சில்லு போதும், மண் ஒழுகாமல் இருக்க.

நான் போடும் கலவை: தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. பாம்புச் செடிக்கும் ஸீ ஸீ பிளான்ட்டுக்கும் மணலை இரட்டிப்பாக்குவேன். நார்த்தூளில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். வெறும் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டால் நான்கு மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும்.

உரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். சாரல் மாதங்களில் அதுவும் வேண்டாம்.

தண்ணீர்

கிழமை வைத்து ஊற்றாதீர்கள். மண்ணைக் கேட்டு ஊற்றுங்கள். கேட்பதற்கு மூன்று வழி உண்டு.

முதலாவது விரல். இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே குளுமையாக இருந்தால் இன்று வேண்டாம். மேல்மண் காய்ந்து உள்மண் சொதசொதவென்று இருப்பது சாரலில் சாதாரணம், மேலே மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டாவது ஈர்க்குச்சி. ஆழமான தொட்டிக்கு விரல் எட்டாது. துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவி, ஓரமாக அடிவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு, குச்சி நிறம் மாறி வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது.

மூன்றாவதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் எதிர்வீட்டு ஆச்சி. ஏழில் ஐந்து செடி போன வருடம், நான் புலம்பிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து கேட்டுவிட்டு வந்தார். மிச்சமிருந்த மணி பிளான்ட் தொட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாரு பிள்ள. கனக்குல்லா? ஊத்துன தண்ணிய அது இன்னும் குடிக்கல. குடிச்சு முடிக்கட்டும், பெறவு ஊத்து." நன்றாகத் தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு தடவை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த அன்று ஒரு தடவை தூக்குங்கள். இரண்டு வாரத்தில் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடித்துளை வழியாக வடிகிற வரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காலை நேரம் நல்லது.

எங்கள் வீட்டில் ஆறு அங்குலத் தொட்டி மணி பிளான்ட்டுக்குப் பங்குனி, சித்திரையில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். ஆனி, ஆடியில் பத்து நாளுக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். பாம்புச் செடிக்குக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. சாரலில் ஒரு மாதம் முழுக்க ஊற்றாமலே விட்டதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி இடைவெளி நீளும். இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். கணவாயை விட்டுக் கிழக்கே போகப் போக அதே காற்று ஈரம் கழிந்து வறண்டு வீசும். காற்றாலை சுற்றுகிற சுரண்டைப் பக்கம் ஆடியிலும் மண் சீக்கிரம் காயும். உங்கள் வீட்டுக் கொடியில் துணி எத்தனை நாளில் காய்கிறது என்பதை வைத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

போர்த் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும், இலை நுனி பழுப்பாகக் காயும். சாரலில் மாடியில் விழும் மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். அது கிடைக்காத மாதங்களில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

தேங்கிய தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டித் தட்டிலும் மணி பிளான்ட் வைத்த கண்ணாடிப் புட்டியிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் புட்டித் தண்ணீரை மாற்றுங்கள். தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

இலை என்ன சொல்கிறது

அடி இலை மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். செடியை வெளியே எடுத்து அழுகிய வேரைக் கத்தரித்து, புது மண்ணில் நட்டு, நிழலில் வையுங்கள். எப்போதோ ஒரு அடி இலை மட்டும் பழுத்தால் அதற்கு வயதாகிவிட்டது, கிள்ளி எறியுங்கள். நுனி மட்டும் மொறுமொறுவென்று காய்ந்தால் வறட்சி அல்லது உப்பு.

சாரலில் இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம், காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கிறது. தெளித்தால் கரும்புள்ளி விழும். கோடையில் புழுதி படியும். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள். துடைக்கும்போதே பூச்சியும் கண்ணில் படும்.

மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் தண்ணீர் கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடியிலும் படும்படி அடியுங்கள். ஒரு தடவையோடு போகாது. வாரம் ஒன்றாக நான்கு வாரம். கோடை வறட்சியில் இலைக்கடியில் மெல்லிய வலை பின்னினால் சிலந்திப்பேன். குளியலறைக் குழாயில் இலையை நன்றாகக் கழுவிவிட்டு இதே மருந்து. மண்ணுக்கு மேலே பொடிக் கறுப்பு ஈ பறந்தால் மருந்தே வேண்டாம். மேல் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் அதன் புழு சாகும்.

பிள்ளைகளும் பூனையும்

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறது அல்லவா? அதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி, ஸீ ஸீ பிளான்ட் எல்லாவற்றிலும் உண்டு. எல்லாம் சேனை, சேம்பின் குடும்பம்தான். குழந்தை இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வாயை நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டைபன்பேக்கியா இந்த வகையில் கடுமையானது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். பாம்புச் செடியைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி வரும். மற்றவற்றை எட்டாத உயரத்தில் வைத்து, தரையில் ஸ்பைடர் பிளான்ட் வையுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு

மாசிக் கடைசியில் மணி பிளான்ட் வேகமாகத் தழையத் தொடங்கும்போது கொடியை வெட்டுங்கள். இலைக்காம்புக்கு எதிரே பழுப்பு முண்டாகத் தெரிவதுதான் வேர்விடும் கணு. அதற்கு ஒரு அங்குலம் கீழே வெட்ட வேண்டும். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் எத்தனை மாதமானாலும் செடியாகாது. இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும்.

பாம்புச் செடியின் இலையைத் துண்டாக்கி நட்டாலும் முளைக்கும். ஆனால் ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட வகையை அப்படி நட்டால் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

தண்ணீரில் விட்ட வேர் இரண்டு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றலாம். அந்த வேருக்கு மண் காய்ந்து பழக்கமில்லை. முதல் பத்து நாள் மட்டும் மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள், பிறகு மெல்ல மெல்ல இடைவெளி விடுங்கள். சித்திரையில் புனலூர் மதினி வரும்போது கொடுத்துவிட எங்கள் ஜன்னலில் இப்போது நான்கு புட்டிகள் வேர்விட்டு நிற்கின்றன.